பெரிய வியாழன் ரொட்டி

பெலகேயாவின் வீட்டில் கடிகாரம் கிடையாது. டீக்கனாக இருந்த அவள் புருஷனிடம் ஒரு பைக்கடிகாரம் இருந்தது. அவர் கண்ணை மூடிய பிறகு அது மகனோடு குருமடத்துக்குப் போனது. மகனைக் குருமடத்திலிருந்து துரத்திவிட்டார்கள். அவன் பட்டணத்தில் அலைந்த இரண்டு வருஷத்தில் அதுவும் எங்கேயோ தொலைந்தது. அதனால் பெலகேயாவுக்கு ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. அவள் நேரத்தைச் செபத்தால் அளந்தாள். முட்டை அவிய விசுவாசப் பிரமாணம் மூன்று தடவை. காளான் ஊறப் பெரிய மாலைச்செபம் முழுக்க ஒன்று. கோயில் ரொட்டிக்கு மாவு பிசைய மட்டும் முந்நூறு. "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்." ஒரு செபத்துக்கு ஒரு குத்து, ஒரு மடிப்பு. இருநூற்றெண்பதில் நிறுத்தினால் ரொட்டிக்குள் பொந்து விழும். முந்நூற்றிருபது போய்விட்டால் மேலே பதித்த சிலுவை கோணிக்கொள்ளும். பதினாறு வருஷமாக அவள் கை அறிந்த கணக்கு இது.

பூசைக்கான ரொட்டியைக் கோயில் ஊழியக் குடும்பத்து விதவைதான் சுட வேண்டும் என்பது ஸரேச்யே ஊர் வழக்கம். அந்த வேலை இருப்பதால்தான் ஆற்றுமேட்டுக் குடிசையில் கோயில் அவளைக் குடிவைத்திருந்தது. கோதுமை மாவும் கோயில் கொடுக்கும். இந்தக் குடிசையின் மேல் இன்னொருத்திக்கும் கண் இருந்தது. அவள் கோயில்பிள்ளை நிகோனின் பெண்டாட்டி கிளிகேரியா. அவளுடைய தங்கை ஒருத்தி தாலியறுத்து அக்கரை ஊரில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரொட்டித் துண்டை வாயில் போட்டதும் கிளிகேரியா சொல்வது ஒரே வார்த்தைதான்: "உப்பு பத்தல." பதினாறு வருஷமாக இதே பாட்டு. அவள் அப்படிச் சொல்லாவிட்டால் பூசையே முடிந்ததாக ஊருக்குத் தோன்றாது.

அந்த வருஷம் புனித வாரத்துக்குச் சரியாக ஆற்றில் பனிப்பாளம் உடைந்தது. பாதையெல்லாம் முழங்கால் சகதி. பட்டணத்துக்கு வண்டி போகாது, மனுஷன் போகமாட்டான், நாய்கூட யோசிக்கும். புதன்கிழமை காலையில் தண்ணீர் எடுக்கப் போன பெலகேயா கிணற்றடிப் பனியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. கொல்லன் வந்து எலும்பை இழுத்து வைத்து, மரப்பட்டை சுற்றிக் கட்டி, வலி தெரியாமலிருக்க ஒரு பெரிய குவளை வோட்காவைக் கொடுத்துவிட்டுப் போனான். புனித வாரத்தில் வோட்கா! வலி நோன்பு பார்க்குமா என்ன? கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டாள்.

குளிருக்கு இதமாகப் படுக்கும் அடுப்பு மேடையின் மேல் மகன் படுத்திருந்தான். வெனியமினுக்கு இருபத்துமூன்று வயது. டீக்கனின் அதே அகன்ற நெஞ்சு, அதே அடித்தொண்டைக் குரல். கிறிஸ்துமஸுக்கு வந்தவன் இறங்கவே இல்லை. புத்தகம் படிப்பதில்லை. கடிதம் எழுதுவதில்லை. கூட இருந்த பட்டணத்துப் பையன்கள் கடவுள் போனால் போகட்டும், ஜனங்கள் இருக்கிறார்கள் என்று கிராமம் கிராமமாகக் கிளம்பியபோது, ஜனங்களும் இல்லை என்று சொல்லிவிட்டு இவன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"எறங்குடா. மாவு நீதான் பிசையணும்" என்றாள் பெலகேயா.

"நானா? அடிபட்டது கையிலயா, தலையிலயாம்மா?"

"நாளைக்குப் பெரிய வியாழன். ரொட்டி இல்லாம சாமி எதை வச்சுப் பூசை பண்ணுவாரு?"

"கிளிகேரியாவக் கூப்பிடேன்."

"கூப்பிடலாமே. அவ மாவு மட்டுமா பிசைவா? பெலகேயா கை போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வருவா. பண்டிகை முடியறதுக்குள்ள அவ தங்கச்சி பெட்டியும் சட்டியுமா வந்து இந்த அடுப்பு மேல ஏறிப் படுப்பா. நாம எங்க போறது?"

"எங்கயாவது போவோம். எல்லா எடமும் ஒண்ணுதான்."

"உனக்கு ஒண்ணுதான். எனக்கு முதுகு வலிக்கும்."

அவன் எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டான். "அம்மா, நான் எதையும் நம்பலங்கறது உனக்குத் தெரியும்ல? கடவுள் இல்ல. ஆத்மா இல்ல. செத்தா மண்ணு."

"தெரியாம என்ன? கிறிஸ்துமஸ்லேருந்து அதத்தான சொல்லிக்கிட்டிருக்க. கூழு குடிக்கறப்பவும் சொல்ற, குளிக்கறப்பவும் சொல்ற."

"அப்ப நான் பிசைஞ்ச மாவுல பூசை வைக்கலாமா? அதுவும் பெரிய வியாழன் ரொட்டி. எப்பவும் அஞ்சுதான், நாளைக்கு ஆறாவதா ஒண்ணு கூட வேணும். அதத்தான வெட்டிக் காயவச்சுப் பெட்டியில பூட்டி, வருஷம் பூரா சாகப்போறவங்க வாயில வைப்பாங்க? இந்த ஊர்ல ஒவ்வொருத்தனும் கடைசியா முழுங்கப்போறது என் கையால சுட்டதா இருக்கணுமா?"

பெலகேயாவுக்குச் சுருக்கென்றது. வலியிலும் சிரிப்பு வந்தது. "பாருடா, இல்லைங்கறவன் சட்டம் பேசறத! உனக்குத்தான் எல்லாம் வெறும் மாவாச்சே. வெறும் மாவப் பிசையறதுக்கு என்ன பயம்?"

அவன் கீழே குதித்தான். "உனக்காகத்தான் செய்யறேன். அதுக்காக இல்ல. எவ்வளவு நேரம் பிசையணும்?"

"முந்நூறு."

"முந்நூறு நிமிஷமா?"

"முந்நூறு செபம்டா."

"அத நான் சொல்லமாட்டேன்."

"பின்ன எப்படி நேரம் தெரியும்?"

"ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கறேன்."

"எண்ணு, என்னமோ பண்ணு. கைய முழங்கை வரைக்கும் கழுவு. அடியில ஒரு வட்டம், மேல ஒரு வட்டம், ரெண்டையும் தண்ணி தொட்டு ஒட்டு. முத்திரைக் கட்டைய நேரா அழுத்து..." என்று சொல்லிக்கொண்டே இருந்தவளை வோட்கா இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அவள் கண் விழித்தபோது பலகையில் ஆறு ரொட்டிகள் முத்திரையோடு வரிசையாக உப்பிக்கொண்டிருந்தன. மிச்ச மாவில் ஏழாவதாகக் குட்டி ஒன்று. மகன் சன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். நெற்றியெல்லாம் மாவு, கழுத்தில் வேர்வை. அவள் ஒற்றைக் கையால் அடுப்பைச் சரிபார்த்து ரொட்டிகளை உள்ளே தள்ளும்படி அவனிடம் சொன்னாள். வெந்ததும் குட்டி ரொட்டியைப் பிட்டு உள்ளே பார்த்தாள். ஒரு பொந்து இல்லை. சிலுவை நேராக நின்றது. முந்நூற்றுக்கு ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினால் செபம் சொல்லும் நேரத்தில் பாதிகூட ஆகாது. எண்ணிப் பிசைந்த மாவு இப்படி வரவே வராது. அப்படியானால் என்ன சொல்லிப் பிசைந்தான்? கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அதைப் பெலகேயா விழுங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பூசை முடிந்ததும் குருவானவர் யெவ்லாம்பி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "முறிஞ்ச கையோட இப்படி ஒரு ரொட்டியா! கத்தி வச்சா வெண்ணெய் மாதிரி இறங்குது. உனக்கு ஒரு கையே போதும்போல."

கிளிகேரியா தன் துண்டை மென்றாள். முகத்தைச் சுளித்தாள். "உப்பே இல்ல. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே."

பெண்கள் சிரித்தார்கள். "ஆரம்பிச்சுட்டா! உனக்கு வேற பேச்சே கிடையாதா?"

"சத்தியமாச் சொல்றேன்டி. இன்னிக்கு நெசமாவே இல்ல."

"போன வாரமும் நெசமாத்தான் இல்ல!"

பெலகேயா அன்று நற்கருணை வாங்கவில்லை. வோட்கா குடித்துவிட்டேன் என்று காரணம் சொன்னாள். பூசை முடிவில் எல்லோருக்கும் போலத் தனக்குக் கொடுத்த ரொட்டித் துண்டைத் துணியில் முடிந்து திருப்படத்துக்குப் பின்னால் செருகினாள். வாயில் வைக்கப் பயமாக இருந்தது.

அதன் பிறகு அவளுக்கு நிம்மதி இல்லை. கையைப் பட்டையிலிருந்து அவிழ்த்தார்கள். அது கோணலாகக் கூடியிருந்தது. பண்டிகை ரொட்டியிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு அவளே பிசைந்தாள். ரொட்டி சுமாராக வந்தது. வெனியமினும் அடுப்பை விட்டு இறங்கி, வயல் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். ஏன் என்று அவனுக்கே தெரியாது. மே மாதம் படகோட்டிக் கிழவன் சாகக் கிடந்தான். குருவானவர் பெரிய வியாழன் ரொட்டி இருந்த நற்கருணைப் பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் சன்னலைக் கடந்து போனார். ஜூனில் தச்சன் மருமகள், பிரசவத்தில். அப்போதும் போனார். ஒவ்வொரு தடவையும் பெலகேயா சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த இரண்டு பேரும் என்னத்தை விழுங்கிக்கொண்டு போனார்கள்? அது ஆண்டவரின் உடலா, வெறும் மாவா, இல்லை அவள் மகனின் "இல்லை"யா? கேட்டால் பதில் வந்துவிடுமே என்றுதான் கேட்காமல் இருந்தாள்.

ஜூலையில் புல் அறுப்பு. வெயில் மண்டையைப் பிளந்தது. காயவைத்த புல்லைக் கிளறப் போன கிளிகேரியா இருமிக்கொண்டே போய்ப் புல்மேட்டில் விழுந்தாள். வாயெல்லாம் ரத்தம். நிகோன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டுக் குருவானவர் வீட்டுக்கு ஓடினான். பெலகேயாவின் வாசலைத் தாண்டும்போதே கத்தினான்: "என் கிளிகேரியா போறா பெலகேயா! போறா!"

பெலகேயா முட்டைக்கோஸ் பாத்தியிலிருந்து எழுந்தாள். சண்டைக்காரிதான். ஆனாலும் பதினாறு வருஷத்துச் சண்டைக்காரி. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றோரப் புல்வெளிக்கு ஓடினாள். வெனியமின் நீளக்காம்பு அரிவாளோடு வரிசைக் கடைசியில் நின்றுகொண்டிருந்தான்.

"கிளிகேரியா சாகப்போறா. சாமி பெட்டிய எடுக்கறாரு. இப்பச் சொல்லுடா. அன்னிக்கு என்ன சொல்லிப் பிசைஞ்ச?"

"எண்ணினேன்."

"பொய். எண்ணிப் பிசைஞ்சா அந்த மாவு வராது. நான் பிட்டுப் பாத்தேன்."

அவன் அரிவாளைத் தரையில் ஊன்றினான். "சரி, எண்ணல. எண்ணிக்கை ஓட்டமா ஓடுது, மாவு கெட்டியாவே இருந்துது. உன் செபத்து நீளத்துக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்துது. நானே ஒண்ணு கட்டினேன்."

"என்ன?"

"மேலயும் ஒண்ணுமில்ல, கீழயும் ஒண்ணுமில்ல, நடுவுல நிக்கற நானும் ஒண்ணுமில்ல."

பெலகேயா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "முந்நூறு தடவையுமா?"

"கேளு. முழுசாக் கேளு. எனக்கே குழப்பமா இருக்கு. அத நான் சொன்னேனா... அப்பா ராகத்துல வருது. கோயில் ராகம். இல்லைன்னு சொல்றதுக்குக்கூட எனக்குன்னு ஒரு ராகம் இல்லம்மா. எரிச்சலா இருந்துது. இன்னும் ஓங்கிக் குத்தினேன். ஒரு நூறு போயிருக்கும். திடீர்னு பாத்தா வாய் 'இரக்கமாயிரும், இரக்கமாயிரும்'னு ஓடிக்கிட்டிருக்கு. நான் சொல்லல. வாயாச் சொல்லுது. நிறுத்திட்டுத் திரும்பவும் என்னுதச் சொன்னேன். திரும்பவும் நழுவுது. எத்தனை அது, எத்தனை இதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"பாதிப் பாதியா?"

"தெரியலைன்னு சொல்றேன்ல! பழக்கமா இருக்கும். சின்ன வயசுல உன் பக்கத்துல உக்காந்து கேட்டது. மாடு தொழுவத்துக்குத் திரும்பற மாதிரி. அதுக்கு அர்த்தம் ஒண்ணும் கிடையாது."

"அர்த்தம் இல்லைன்னா ஏண்டா உன் குரல் நடுங்குது?"

அவன் அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றான். அவளுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை. எழுந்து ஓடினாள்.

குருவானவர் யெவ்லாம்பியைக் கிளிகேரியா வீட்டு வேலியோரத்தில் பிடித்தாள். கழுத்தில் பெட்டி. தாடியில் வேர்வை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள்: முறிந்த கை, வோட்கா, மகன், முந்நூறு. தன் குடிசைக்குப் பயந்து மறைத்ததையும் சொன்னாள்.

குருவானவரின் முகம் வெளுத்துச் சிவந்தது. "ஏம்மா இத இப்பச் சொல்ற? இந்த வேலியோரத்துலயா? ஒண்ணு அன்னிக்கே சொல்லியிருக்கணும், இல்ல நாளைக்குச் சொல்லியிருக்கணும்!"

"உள்ள அவ உயிர் போகுது சாமி..."

"எனக்குத் தெரியாதா? வேற ரொட்டிக்கு எங்க போவேன்? மாவு பிசைஞ்சு, புளிக்கவச்சு, சுட்டு, நாளைக்குக் காலையில பூசை வச்சு... அது வரைக்கும் அவ இருப்பாளா?" அவர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "படகோட்டிக்குக் குடுத்தேன். அந்தப் பொண்ணுக்குக் குடுத்தேன். கடவுளே. சுடறவன் நம்பலைன்னா ரொட்டி ரொட்டி இல்லன்னு எங்கயாவது எழுதியிருக்கா? இருக்குன்னு நினைக்கறேன். இல்லன்னும் நினைக்கறேன். குருமடத்துல படிச்சது முப்பது வருஷம் ஆச்சு. என்ன பண்ணட்டும், நீயே சொல்லேன்."

"நான் என்னத்தச் சொல்லுவேன் சாமி?"

"அவன் என்னதான் சொன்னான்? இல்லைன்னானா, இரக்கமாயிரும்னானா?"

"ரெண்டும்."

"ரெண்டும்!" என்று குருவானவர் வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு மேகம்கூட இல்லை. உள்ளிருந்து நிகோன் கூப்பிட்டான். அவர் தலையைக் குனிந்துகொண்டு வாசல்படி ஏறினார். முடிவெடுத்து ஏறினாரா, கால் பழக்கத்தில் ஏறியதா என்று பெலகேயாவுக்குத் தெரியவில்லை. அவளும் பின்னால் போனாள்.

கிளிகேரியா பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். முகம் மெழுகு. பெலகேயாவைப் பார்த்ததும் கண்ணில் பழைய வெளிச்சம் ஒன்று வந்தது. "வந்துட்டியா? என் தங்கச்சிக்கு இனிமே யார் பேசுவா? குடிசைய நீயே வச்சுக்க."

"சும்மா இரு கிளிகேரியா. பேசாத."

"பேசாம செத்தா ஊரு நம்புமா?"

குருவானவர் செபம் சொன்னார். குரல் இரண்டிடத்தில் இடறியது. பெட்டியைத் திறந்து, காய்ந்த சிறு துண்டை ஒயினில் நனைத்து, கரண்டியில் எடுத்தார். ஒரு கணம் அவர் பெலகேயாவைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தால் கிளிகேரியா வெறும் வாயோடு போவாள். சொல்லாவிட்டால் எதை விழுங்கிக்கொண்டு போவாளோ. கிளிகேரியா குஞ்சுப் பறவையைப் போல வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். பெலகேயா சிலுவை போட்டுக்கொண்டாள்.

கிளிகேரியா துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாள். மெல்ல விழுங்கினாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெலகேயா" என்றாள்.

"என்னம்மா?"

"இதுல உப்பு சரியா இருக்கு."

நிகோன் ஓவென்று அழத் தொடங்கினான். பதினாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. மாடு மேய்ந்து திரும்புமுன்னே அவள் போய்விட்டாள்.

பெலகேயா வீட்டுக்கு வந்தபோது வெனியமின் படியில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தான். தின்னவில்லை.

"குடுத்தாரா?"

"குடுத்தாரு."

"அவ வாங்கினாளா?"

"வாங்கினா. அமைதியாப் போனா." பெலகேயா தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "கடைசியா என்ன சொன்னா தெரியுமா? உப்பு சரியா இருக்குன்னா. சாகறப்ப ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போனாடா, என் சண்டைக்காரி."

வெனியமின் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ரத்தமில்லை.

"உப்பா? அப்படியா சொன்னா?"

"சொன்னா. எல்லாரும் கேட்டாங்க."

"அம்மா, நான் அன்னிக்கு உப்பு போடல."

"என்ன?"

"மறந்துட்டேன். அடுப்புக்குள்ள தள்ளின பிறகுதான் ஞாபகம் வந்துது. எல்லாம் ஒண்ணுதான, உப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு விட்டுட்டேன். ஒரு கல்லு உப்புகூட அதுல இல்ல."

பெலகேயா உள்ளே போனாள். திருப்படத்துக்குப் பின்னால் கைவிட்டு அந்தத் துணி முடிச்சை எடுத்தாள். கல்லாய்க் காய்ந்திருந்த துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை. மண் மாதிரி இருந்தது. பெரிய வியாழனன்று கிளிகேரியா சொன்னது சத்தியம். அன்றைக்கு அவளை நம்பாமல் சிரித்தார்கள். அப்படியானால் இன்றைக்குச் சொன்னது? வாயில் இருந்த ரத்தத்தின் கரிப்பா? சாகிறவளின் பிதற்றலா? போகிறபோக்கில் பெலகேயாவின் மேல் இரக்கப்பட்டுச் சொன்ன பொய்யா? இல்லை, அவள் நாக்குக்கு மட்டும் உண்மையிலேயே... பெலகேயாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாசலில் மகன் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் பிடிபடவில்லை என்பது தெரிந்தது.

நாளை மறுநாள் அடக்கப் பூசை. ரொட்டி வேண்டும். வேலியோரத்தில் கொட்டியதற்குக் குருவானவர் என்ன தண்டனை சொல்லப்போகிறாரோ, இன்னும் சொல்லவில்லை. கிளம்பும்போது "அடக்கத்துக்கு ரொட்டி அனுப்பு" என்று மட்டும் சொன்னார். யார் சுட வேண்டும் என்று சொல்லவில்லை. மறுநாள் பெலகேயா மாவுத் தொட்டியை இறக்கினாள். பாத்தி வேலையில் கோணல் மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. நாலு குத்துக்குமேல் முடியவில்லை.

வெனியமின் வந்தான். முழங்கை வரை சட்டையைச் சுருட்டினான். கையைக் கழுவினான். அம்மாவை மெதுவாக நகர்த்திவிட்டுத் தொட்டியின் முன்னால் நின்றான். பிறகு உப்பு டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு, சின்னப் பிள்ளையைப் போல அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"எவ்வளவு போடணும்மா?"

பதினாறு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட உப்பு. பெலகேயா வாயைத் திறந்தாள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.